ஒரு வாளியோடு நின்ற பெற்றோல்

எண்ணெய் ஏற்றும் பவுசர் வண்டிக்காரர்கள் பலர் செய்கிற ஒரு தப்பை முனாப்பும் பதினொரு வருஷம் செய்துவந்தார். அடிவால்வைத் திறந்தபடியே கட்டிவைத்துவிடுவார்.

கட்டுகஸ்தோட்டையில் பிறந்து வளர்ந்த மனிதர் அவர். மனைவி ரபீகா, மூன்று பெண்பிள்ளைகள். கண்டி டிப்போவில் பெற்றோலை ஏற்றிக்கொண்டு குண்டசாலை, திகனை, ஹுன்னஸ்கிரிய என்று மலைப்பாதை நெடுக இறக்கிக்கொண்டு போவது அவர் வேலை. உதவியாளாகக் கூடப் போகிறவர் திங்கிரி பண்டா என்ற சிங்களவர். அவரும் நாற்பது தாண்டியவர். வெற்றிலைப் பிரியர், வாயைத் திறந்தால் மூடமாட்டார்.

பவுசரின் தாங்கியிலிருந்து பெற்றோல் வெளியே வர இரண்டு வால்வுகளைத் தாண்டவேண்டும். முதலாவது அடிவால்வு. தாங்கியின் அடித்தட்டில், உள்ளே இருக்கும், வெளியே தெரியாது. ஒரு ஸ்பிரிங் அதை எந்நேரமும் அழுத்தி மூடிவைத்திருக்கும். வண்டியின் பக்கத்தில் உள்ள சின்னப் பெட்டிக்குள் ஒரு கைபிடி உண்டு. அதை இழுத்தால்தான் கம்பி போய் அடிவால்வைத் தூக்கும். பிறகு பெற்றோல் குழாய்க்குள் இறங்கும். குழாயின் முனையில் இருப்பது இரண்டாவது வால்வு. எல்லோர் கண்ணிலும் படுவது அதுதான். போகிற இடமெல்லாம் இரண்டையும் திறந்து மூட அலுத்துப்போய், முனாப் கைபிடியை இழுத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டார். முனை வால்வோடு காரியத்தை முடித்துக்கொள்வார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் முனை வால்வு சொட்டத் தொடங்கியது. வண்டியை அம்பிட்டியவில் தியாகராஜாவின் கராஜுக்குக் கொண்டுபோனார். தியாகராஜா யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து இருபது வருஷம். அதிகம் பேசமாட்டார். ஆனால் பெட்டியைத் திறந்து அந்தக் கட்டுக்கம்பியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இது ஆர் கட்டினது?"

"நான்தான் அண்ணே. வேல லேசா ஈக்கட்டும்னு."

"லேசோ? பின்னால ஒரு லொறி வந்து இடிச்சால் முதல் முறியிறது உந்தக் குழாய்தான். அடிவால்வு பூட்டியிருந்தால் குழாய்க்குள்ள கிடக்கிறது மட்டும் கொட்டும். நீர் திறந்து கட்டி வைச்சால் முழுத் தாங்கியும் றோட்டில. நெருப்புப் பிடிச்சால் இந்தக் கம்பியில இருக்கிற ஈயத்துண்டு உருகி, வால்வு தானா விழுந்து மூடோணும். இப்பிடிக் கட்டினால் எப்பிடி விழும், சொல்லும் பாப்பம்?"

தியாகராஜா குறடொன்றை எடுத்துக் கட்டுக்கம்பியை வெட்டினார். கைபிடி திரும்பிப் போனது, ஆனால் வால்வு சரியாக மூடவில்லை. பதினொரு வருஷம் சும்மா இருந்த வால்வு, மூடு என்றதும் மூடிவிடுமா? தாங்கியைக் காலியாக்கி, தண்ணீர் நிரப்பிக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காற்றாடவிட்டு, உள்ளே இறங்கிப் பார்த்தார். பழைய ரப்பர்த் துண்டொன்று வால்வின் இருக்கையில் ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்து, துருவைத் தேய்த்து, புது ஸ்பிரிங் போட்டார். வேலை கெட்டுப்போகிறதே என்று முனாப் முணுமுணுத்தபடி வாசலிலேயே நின்றார். தியாகராஜா அசையவில்லை. மறுபடி தண்ணீர் நிரப்பி, முனை வால்வைத் திறந்துவிட்டு, முழங்காலூன்றி இருந்து குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷம் பாத்திட்டன். ஒரு சொட்டும் இல்லை. இனிக் கொண்டு போம். திருப்பிக் கட்டினீரெண்டால் என்னட்ட வரவேண்டாம்."

அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் முனாப் அதற்குப் பிறகு கட்டவில்லை.

இரண்டு கிழமை போயிருக்கும். தமிழர்மேல் கலவரம் மூண்டு கொழும்பு எரிகிறது என்ற செய்தி வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை. கண்டிக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் காலையில் எல்லோரும் சொன்னார்கள். முனாப் வழக்கம்போல இரண்டாயிரத்து இருநூறு கேலன் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பகல் திரும்புகிற நேரம், பல்லேகல தாண்டி ஒரு வளைவில் முப்பது நாற்பது பேர் பாதையை மறித்து நின்றார்கள். கையில் பொல்லு, வாளி, துணி சுற்றிய பந்தம். பாதைக்குக் கீழே பள்ளத்தில் இருபது வீடுகள் வரிசையாக இருந்தன. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்ச் சனம். கிணற்றடியில் நின்ற ஒரு பெண் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவதை முனாப் கண்டார்.

இறங்கச் சொன்னார்கள். "தமிழனா?" என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான்.

"எங்க முனாப். கட்டுகஸ்தோட்டைக்காரர்" என்று திங்கிரி பண்டா முந்திக்கொண்டார்.

"யாராக இருந்தாலென்ன? பைப்பைத் திற."

முனாப்பின் கால்கள் தம்பாட்டில் நடந்து, அந்தச் சின்னப் பெட்டியின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றன. "தெல் நே" என்றார். எண்ணெய் இல்லை, இறக்கிவிட்டுத் திரும்புகிறோம் என்று.

நம்பவில்லை. ஒருவன் வாளியை வைத்துவிட்டு முனை வால்வை முழுக்கத் திருகினான். பெற்றோல் சீறிக்கொண்டு விழுந்தது. கூட்டம் கூச்சலிட்டது. முனாப் கண்ணை மூடிக்கொண்டார். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று மனதுக்குள் ஓதினாரே தவிர வேறொன்றும் தெரியவில்லை. வாளி நிறைந்தது. நிறைந்த கையோடு சீற்றம் குறைந்தது. நூல்போல இழைந்தது. பிறகு சொட்டு. பிறகு அதுவும் இல்லை.

குழாய்க்குள் கிடந்தது அவ்வளவுதான். மேலே இரண்டாயிரம் கேலனுக்கு மேல், ஒரு கையகல இரும்பு மூடியின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"அடியில் தங்கிய மிச்சம்" என்றார் திங்கிரி பண்டா, வெற்றிலையைத் துப்பிவிட்டு. ஒருவன் பந்தத்தோடு ஏணியில் கால்வைத்தான், மேல்மூடியைத் திறந்து பார்க்க. திங்கிரி பண்டா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

"டேய், வெறுந்தாங்கி! நிறைஞ்ச தாங்கியைவிட வெறுந்தாங்கிதான் பொல்லாதது! உள்ளே முழுக்க ஆவி! பந்தத்தோடு திறந்தால் நீயும் இல்லை, நாங்களும் இல்லை!"

அதில் பாதி பொய், பாதி உண்மை. வெறுந்தாங்கியின் ஆவி பொல்லாதது என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏணியில் ஏறியவன் இறங்கிவிட்டான். அந்த ஒரு வாளியையும் தூக்கிக்கொண்டு, வேறு வண்டி தேடிக் கூட்டம் சந்திப்பக்கம் போயிற்று.

அந்த வாளியால் சந்தியில் ஒரு தையல்கடை எரிந்தது. உள்ளே ஆட்கள் இல்லை. இருந்தாலும் அந்தக் கடையை முனாப் கடைசிவரை மறக்கவில்லை. பள்ளத்து வீடுகள் இருபதும் தப்பின. அன்று பின்னேரம் பொலிஸ் வந்து அந்தச் சனத்தை ஏற்றிப்போகும்வரை ஒரு கூரையிலும் நெருப்பு விழவில்லை.

தியாகராஜாவின் கராஜ் தப்பவில்லை. மூன்றாம் நாள் ஊரடங்கைத் தளர்த்தியதும் முனாப் அவரைத் தேடினார். ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமில், மேசைகளை ஒதுக்கிய வகுப்பறையில், மனைவி சத்தியபாமாவோடு இருந்தார். உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றுமில்லை. ரபீகா கொடுத்துவிட்ட பாண் ரொட்டியையும் சம்பலையும் பக்கத்தில் வைத்துவிட்டு, முனாப் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அண்ணே, நீங்க அன்னைக்கி அந்தக் கம்பிய வெட்டாட்டி, அந்தச் சனத்தோட பாவம் எல்லாம் என்ட தலையில."

"எத்தினை வாளி வந்தது?" என்று தியாகராஜா கேட்டார்.

"ஒன்டு."

"அதுக்குப் பிறகு சொட்டு நிண்டதோ?"

"நின்டுட்டு."

"அப்ப சரியாத்தான் இருந்திருக்கு" என்றவர், தலையைத் திருப்பிக்கொண்டு அழுதார். கராஜ் எரிந்தபோதுகூட இந்த மனுசன் அழவில்லை என்று சத்தியபாமா சொன்னார். "தம்பி, உங்கட வாயால இதைக் கேட்டதே எங்களுக்குப் பெரிய ஆறுதல்."

அடுத்த கிழமை அவர்கள் யாழ்ப்பாணம் போனார்கள். யுத்தம் பாதையை மூடியது. கடிதங்கள் சில வந்தன, பல வரவில்லை. முனாப் மேலும் பதினாறு வருஷம் பவுசர் ஓட்டினார். ஒருநாளும் கைபிடியைக் கட்டவில்லை. தொழுகையின் முடிவில் கையேந்தும்போது தியாகராஜா, திங்கிரி பண்டா என்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வார். முன்னவர் சைவம், பின்னவர் பௌத்தம். கேட்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பார். திங்கிரி பண்டா மௌத்தானபோது மூன்று நாள் அந்தச் சாவுவீட்டிலேயே நின்று வேலை செய்தார்.

இரண்டாயிரத்து இரண்டில் பாதை திறந்தது. ஒரு காலைநேரம் தியாகராஜா கட்டுகஸ்தோட்டைக்கு வந்து இறங்கினார். முடியெல்லாம் கொட்டிவிட்டது. சத்தியபாமா போய்ச் சேர்ந்து நாலு வருஷம். வன்னியில் இடம்பெயர்ந்த சனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன பவுசர்களின் வால்வுகளைத் திருத்திக்கொண்டிருந்தாராம். "அங்க ஒரு சொட்டு வீணாப் போனாலும் ஒரு பிள்ளையின்ர தண்ணி" என்றார்.

ரபீகா கடையில் புதுச்சட்டி வாங்கிவரச் செய்து, மீன் இறைச்சி படாமல் மரக்கறி சமைத்தார். "ரெண்டு நாளாவது நிக்கணும் அண்ணே, சொல்லிட்டேன்" என்றார். தியாகராஜா பிலாக்காய்க் கறியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாலு நாள் நின்றார்.