அரைப் போத்தல் ஒயில்

என் பொய்யால் ஒரு மனிதர், தன் மனைவியைத் தானே கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார். முதலில் நான் திருடினேன். பிறகு பொய் சொன்னேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று என்னைக் கேட்காதீர்கள்… எனக்குத் தெரியாது.

நீர்வேலியில் எனக்கொரு சிறிய கராஜ் இருந்தது. போரும் பொருளாதாரத் தடையுமான காலம். பெற்றோல் வராது, கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. புது எஞ்சின் ஒயிலைக் கண்ணால் காண்பதே அரிது.

செபமாலை அண்ணை குருநகர்க்காரர். கடலுக்குப் போக முடியாமல் போனபின், மனைவி பிலோமினாவோடு எங்கள் பக்கம் குடிவந்து, மைத்துனரின் பழைய ஜப்பான் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தார். பிலோமினா அக்காவுக்கு முட்டு வருத்தம். மழை இருட்டினால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும்.

ஒருநாள் காலை அண்ணை புது ஒயில் பில்டர் ஒன்றும், ஒயிலும் கொண்டுவந்தார். வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் உடுப்பு மூட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தவை. எஞ்சினுக்கும் பில்டருக்குமாக அளவாகக் காணும். ஒரு துளி மிஞ்சாது.

உங்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். புது பில்டரை வெறுமையாகப் பூட்டக் கூடாது. நிமிர்த்தி வைத்து, உள்ளே ஒயில் ஊற்ற வேண்டும். அதற்குள் இருக்கும் தாள் மெல்லக் குடிக்கும். குடித்து அடங்கியதும் இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், எஞ்சினை இயக்கியதும் சில விநாடிகள் இரும்பும் இரும்பும் வறட்சியாக உராயும். இதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அன்றுவரை!

அண்ணை தேத்தண்ணீர் குடிக்க எதிர்க்கடைக்குப் போயிருந்தார். என் வாழைத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மெசின் ஒயில் இல்லாமல் நாலு நாளாக நின்றிருந்தது. குலை தள்ளும் பருவம். இலைகள் ஓரம் கருகத் தொடங்கியிருந்தன… பில்டருக்குரிய பங்கை ஒரு வெற்றுப் போத்தலில் ஊற்றித் தட்டுக்குப் பின்னால் வைத்தேன். அரைப் போத்தல்தான். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

வறண்ட பில்டரைப் பூட்டினேன். எஞ்சினை இயக்குமுன்பே ஒயில் அளவுகோலை இழுத்து, திரும்பி வந்த அண்ணைக்குக் காட்டினேன். ஒயில் சரியாகக் கோட்டில் நின்றது. எஞ்சின் ஓடியதும் பில்டர் தன் பங்கை உறிஞ்சும், மட்டம் இறங்கும் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

இயக்கியதும் கடகடவென்று ஒரு சத்தம். ஒயில் ஏறவில்லையென்று காட்டும் சிவப்பு விளக்கு அணையச் சுணங்கியது. அது என்ன சத்தம் என்று கேட்டார். புது பில்டர் என்றால் முதலில் அப்படித்தான் என்றேன். நம்பினார்.

சில நாள் கழித்து அவரே அளவுகோலை இழுத்துப் பார்த்திருக்கிறார். மட்டம் குறைவு. எஞ்சின் ஒயிலை எரிக்கிறதென்று நினைத்து, வீட்டில் வைத்திருந்த கறுத்த பழைய ஒயிலை மேலே விட்டிருக்கிறார். என்னிடம் வந்திருந்தால்? வந்திருந்தால் மட்டும் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா?

அதற்கடுத்த கிழமை ஒரு முற்பகல் அக்காவுக்கு முட்டுக் கடுமையாகிவிட்டது. பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். இருபாலை தாண்டியதும் எஞ்சின் அடித்து இறுகி நின்றுவிட்டது. வெயிலில் தெருவில் நின்று, போவோர் வருவோரையெல்லாம் மறித்திருக்கிறார். கடைசியில் வெங்காயம் ஏற்றிவந்த உழவு மெசின்காரர் ஒருவர் மூட்டைகளை இறக்கிவிட்டு அக்காவை ஏற்றினார். போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு என் கராஜுக்கே வந்தார்கள்! நானே எஞ்சினைக் கழற்றினேன். பெயரிங் தேய்ந்து கருகிக் கிடந்தது. வறண்டு ஓடிய அந்தச் சில விநாடிகளா? பழைய ஒயிலா? வருடக்கணக்காகக் குடித்த மண்ணெண்ணெயா? எத்தனையோ எஞ்சின்களைப் பிரித்த எனக்கு அது பிடிபடவில்லை. இன்றைக்கும் பிடிபடவில்லை… ஆனால் என் பங்கு அதில் இல்லையென்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

எட்டாம் நாள் பூசை முடிந்து, வெள்ளை வேட்டியோடு அண்ணை கராஜுக்கு வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“தம்பி, நான் விட்ட பழைய ஒயிலாலைதானே எஞ்சின் இறுகினது? மறைக்காமல் சொல்லு.”

பதிலை அவரே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

“ஓம் அண்ணை. பழைய ஒயிலாலைதான்.”

தலையை ஆட்டினார். அழவில்லை. சாவியை என் மேசையில் வைத்துவிட்டு நடந்து போனார். பிறகு அவர் எந்தக் காரிலும் ஏறவில்லை என்று கேள்விப்பட்டேன். எவ்வளவு தூரமென்றாலும் நடைதான்.

என் வாழைகளுக்கு நீர் கிடைத்தது. அந்த முறை குலைகள் நன்றாக வந்தன. சந்தைக்குக் கொண்டுபோனேன். நாங்களும் சாப்பிட்டோம்.

சண்டை நெருங்கி, வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அவரை மறுபடி கண்டேன். மெலிந்துபோயிருந்தார். தன் பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்னைக் காட்டினார். எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“பங்குச் சாமியிலையிருந்து எல்லாரும், என்ரை பிழை இல்லையெண்டு சொல்லிச்சினம். என்னைத் தேத்துறதுக்குச் சொன்ன பொய். நீ ஒருத்தன்தான் எனக்கு உண்மையைச் சொன்னனீ.”

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்திலாவது சொல்லியிருக்கலாம்! அண்ணை ஒதுங்கி எனக்கு இடம் விட்டார். நான் அவர் பக்கத்தில் போய் இருந்தேன்.

அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். எந்த ஊரில், எந்த ஒழுங்கையில் என்பதும் எனக்குத் தெரியும். இதை அவரிடம் சொல்ல வேண்டும்… உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.