ஒன்பதாம் நாள் கழுதை ஆட்டம்

2008இல் திருப்பூரில் கரண்ட் போனால் எங்கள் பனியன் கம்பெனியில் சீட்டுக்கட்டு வெளியே வரும். கழுதை ஆட்டம். கடைசிவரை சீட்டோடு இருப்பவர்தான் கழுதை. எல்லோருக்கும் அவர் டீ வாங்கி வர வேண்டும். தொடர்ந்து எட்டு நாள் நானே கழுதை. தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் நாள், சீட்டுப் போட்டதுமே கட்டிங் மாஸ்டர், "டீ வாங்கற போசியக் கழுவி வெச்சாச்சுங்க, கெளம்புங்க" என்று என்னைச் சீண்டினார்.

பக்கத்திலிருந்த தேனிக்கார டெய்லர் செல்வி மெல்லச் சொன்னார்: "அண்ணே, பேக்கிங்ல நிறம் பிரிக்கிற மாதிரியே சீட்டையும் பிரிச்சுப் பிடிக்கிறீங்க. நீங்க சீட்டை உருவுற எடத்தைப் பாத்தே உங்ககிட்ட எது நெறைய இருக்குன்னு எல்லாருக்கும் தெரியுது."

கைச்சீட்டைக் கலைத்துப் பிடித்தேன். அன்று முதலில் கை காலியானது எனக்குத்தான். எழுந்து நின்று கத்தியே விட்டேன். கடைசியில் சீட்டோடு இருந்தவர் செல்வி. சிரித்தபடி டீக்கடைக்குப் போனார்.

பிறகு எத்தனையோ ஆட்டம் ஜெயித்துவிட்டேன். எதிராளிக்கு வழி சொல்லிவிட்டு விளையாடும் துணிச்சல் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.