பிளாஸ்டர் ஒட்டிய துளை

என் மடிக்கணினியின் பக்கவாட்டில் வயர் செருகும் துளைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றைக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் மூடி வைத்திருக்கிறேன்.

யுத்தகாலத்தில் கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் பாட்டுப் பதிவுசெய்யும் அறை வைத்திருந்த ஒருவரிடம் வேலை செய்தேன். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பல ஊர் சுற்றி அங்கே வந்து சேர்ந்திருந்தேன். வயர் சுற்றுவதும் தேத்தண்ணி வாங்கிவருவதும் வேலை. படுக்கையும் அந்த அறையில்தான். பொலிஸில் கொடுத்த குடியிருப்போர் பட்டியலில் அவருடைய பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. கொழும்பில் எனக்கிருந்த விலாசம் அந்த ஒரு வரிதான். அது இல்லாதவனை வீதியில் மறித்தால் ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்போது அண்ணை கொட்டாஞ்சேனைத் தேவாலயமொன்றின் பாடல்களைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். ஓர்கன் கொம்பியூட்டருக்குள் மென்பொருளாக இருந்தது. வாசிப்பதற்கு, வயரால் கொம்பியூட்டரோடு இணைக்கும் ஒரு மிடி கீபோர்ட். அதிலுள்ள ஒன்பது ஸ்லைடர்களையும் திரையில் தெரியும் ஓர்கனின் ஒன்பது இழுப்புக் கட்டைகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். அரைநாள் வேலை. ஒருநாள் காலை பார்த்தால் பொருத்தியதெல்லாம் அழிந்துகிடந்தது. முதலாவது ஸ்லைடரைத் தள்ள, கட்டை அசையவில்லை. பாட வந்திருந்தவள் பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். திரும்பப் பொருத்தினார். சில நாட்களில் மறுபடி அழிந்தது.

"நீ தொட்டனியே?"

"இல்லை அண்ணை."

"அப்ப ஆர், ஆமியே வந்து ஓர்கன் வாசிச்சவங்கள்?"

அதன்பிறகு ஸ்லைடரின் மேல் ஓர் அரிசி மணியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகத் தொடங்கினார். ஃபேன் காற்றில் அது விழுந்துவிடுமோ என்று நான் வேர்க்க வேர்க்கப் படுத்தேன். அரிசி அசையவில்லை; ஆனாலும் மூன்றாம் முறை அழிந்தது. "இன்னொருக்கா நடந்தால் உன்ர பேரை வெட்டச் சொல்லிப் பொலிஸில எழுதிக் குடுப்பன்" என்றார். என்னை விரட்டச் சாட்டுத் தேடி அவரே அழிக்கிறாரோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அவரைக் கவனிக்கத் தொடங்கினேன்.

ஒழுங்கையில் சோதனை என்று கேள்விப்பட்டதும் அண்ணை எல்லா வயரையும் கழற்றி ஒளித்துவிட்டு, கீபோர்ட்டைத் தனியே மேசையில் வைப்பார். பெட்டியும் வயருமாகக் கிடந்தால் குண்டு செய்கிற இடம் போலத் தெரியும். "மே மொகத?" என்று சிப்பாய் அதைக் காட்டிச் சிங்களத்தில் விசாரித்தால், "பள்ளியே சங்கீத, மாத்தயா" என்று தேவாலய இசையைச் சொல்லிச் சமாளிப்பார். அவர்கள் போனபின், அவசரத்தில் அகப்பட்ட துளையில் வயரைச் செருகுவார். சோதனைக்குப் பிறகுதான் ஒவ்வொருமுறையும் அழிகிறது என்று கண்டேன். துளை மாறினால் கொம்பியூட்டர் அதை வேறொரு கீபோர்ட் என்று எடுத்துக்கொள்ளும். பழைய பொருத்தம் வேலை செய்யாது.

நாலாம் முறை அழிந்தபோது, அவர் வாய்திறக்க முன் வயரைப் பக்கத்துத் துளைக்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறந்தேன். முதலாவது ஸ்லைடரைத் தள்ளினேன். திரையில் கட்டை இறங்கியது. ஒன்பதும் சரியாக இருந்தன.

அண்ணை திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எட்டாம் வகுப்பெண்டு சொன்னனி. வயர் வேலை ஆரிட்டப் பழகினனி?"

"பாத்துப் பழகினது, அண்ணை."

"எங்க பாத்து?"

இங்கேதான் என்றேன். அவர் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கிழமையே என் பெயரை வெட்டுவித்தார். "குறை நினையாதை தம்பி, எனக்கும் பிள்ளையள் இருக்கு" என்றார். தெமட்டகொடையில் ஒருவர் தன் பட்டியலில் என்னைச் சேர்த்துக்கொள்ளும்வரை பதினொரு நாள் பஸ் மாறி மாறி ஏறித் திரிந்தேன். அண்ணையின் அறையிலிருந்து பையோடு வெளிக்கிட்டபோது கொம்பியூட்டரைப் பார்த்திருந்தேன். நான் பிழையென்று காட்டிய துளையைப் பிளாஸ்டரால் மூடியிருந்தார்.

இப்போதைய மென்பொருள் எந்தத் துளையில் செருகினாலும் கீபோர்ட்டை அடையாளம் கண்டுகொள்கிறது. பிளாஸ்டருக்கு அவசியமில்லை. யாராவது ஏனென்று கேட்டால், வயர் பற்றித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், அந்தத் துளை பழுது என்று மட்டும் சொல்லிவிடுவேன்.