முகமூடியைக் கழற்றாதவர்

கோவையில் ஒரு தியேட்டரில் பைக்குகளுக்கு டோக்கன் கொடுக்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பாடத்துக்கு நடுவே முகமூடி மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றும் படம் ஓடியது. அதே உடுப்பில் வாசலில் நின்று போட்டோவுக்குக் கைகொடுக்க ஒருவரை வைத்திருந்தார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்பது கட்டளை. தொப்பை வைத்த ஆள். வெயிலிலும் முகமூடியைக் கழற்றமாட்டார். டீயைக்கூட ஸ்ட்ரா போட்டுத்தான் குடிப்பார்.

“ஏனுங்க, கழட்டிக் கொஞ்சம் காத்து வாங்குங்க” என்றேன்.

“பையன் எப்ப வருவான்னு தெரியாதுங்க. ப்ளஸ் டூ படிக்கறான். அவங்கம்மா அவனையும் கூட்டிட்டுத் தனியாப் போயிட்டாங்க. என்ற மூஞ்சியப் பாத்தா நிக்கமாட்டான். இந்தப் படத்துக்கு வராம இருக்கமாட்டான்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தான். இவர் உடம்பு விறைத்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நண்பர்கள் போட்டோ எடுக்க, இவர் தோளில் கைபோட்டு நின்றான். பின்னால் நகர்ந்தபோது பையனுக்குப் படியில் கால் இடறியது.

“பாத்துங் கண்ணு!” என்றார் இவர், தன்னை மறந்து.

“டேய், ஹீரோ நம்மூருக்காரர்டா!” நண்பர்கள் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

“ஏனுங்க, நான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?”

“தெரிஞ்சிருக்காதுங்க” என்றேன், ஆறுதலாக.

“என்ற குரல்கூடவா மறந்துபோச்சு?” என்றார். அவர் தலை தொங்கிவிட்டது. தெரிந்திருக்கும் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ, எனக்கு இன்னும் புரியவில்லை.