ரேடியேட்டர் முன்னால் ஒரு பூதம்

என்னைப் போன்ற முட்டாள் கையில் கார் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வாடிப்பட்டி போகும் சாலையே சாட்சி. அந்தக் காரைக் கொதிக்க வைத்தது நான்தான். அதுவும், கொதிக்கக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் செய்தே கொதிக்க வைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மூன்று கை மாறி வந்த ஒரு வெள்ளைக் காரை வாங்கியிருந்தேன். முதல் பயணம் வாடிப்பட்டிக்கு, மாமனார் வீட்டுக்கு. பரவை தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானட் இடுக்கில் ஆவி. காரைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு, பலகாரப் பையோடு மனைவியும் நானும் பஸ் ஏறினோம். வாசலில் நின்ற மாமனார் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, காரு பின்னாடி வருதா?”

மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி அடைசலைக் கழுவினார், பேன் பெல்ட்டை மாற்றினார். நான் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஆபீசில் ஒருவர் என் காரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது மனதில் உறுத்தியது. திருப்பரங்குன்றத்தில் தகரத்தால் ஆன திருஷ்டி பூதம் ஒன்று வாங்கிவந்து முன்கிரில்லில் கட்டினேன். நாக்கைத் தொங்கப்போட்ட, சாப்பாட்டுத் தட்டு அளவுப் பூதம்.

மறுபடி பரவை, மறுபடி பஸ். மாமனாரும் மறுபடி எட்டிப் பார்த்தார்.

மெக்கானிக்குக்குக் கொஞ்சம் பக்தி அதிகம். வண்டியில் கை வைக்கும் முன் பூதத்தை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிடுவார். வாட்டர் பம்ப், ஹோஸ், ரேடியேட்டர் மூடி எல்லாம் பார்த்துவிட்டு, பரவையையும் தாண்டிச் சமயநல்லூர் வரை ஓட்டிக் காட்டுவார். முள் அசையாது. திரும்பி வந்ததும் பூதத்தைத் தொட்டுக் கும்பிட்டு, பழைய இடத்திலேயே கட்டித் தருவார். நான் ஓட்டினால் கொதிக்கும்.

“வண்டியில ஒண்ணும் இல்லண்ணே. கண்ணு உங்க மேலதான்.”

“என்னைய யாருய்யா கண்ணு வைக்கப் போறா?”

என் வழுக்கையைப் பார்த்து அவரும் ஒரு கணம் யோசித்தார். இருந்தாலும் முறம் அகலத்துக்கு அடுத்த பூதம் வாங்கி, பழையதை எடுத்துவிட்டுக் கட்டினேன். கொம்பு, மீசை, சுற்றிலும் கறுப்புக் கம்பளிக் கயிறு.

அப்போதுதான் கொழுந்தியாள் நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அக்காவாக என் மனைவிதான் தட்டு வைக்க வேண்டும்.

“பட்டுச்சேலையோட பஸ்ல தொங்க முடியாது. எங்கப்பா இன்னைக்கும் அதே கேள்வியக் கேட்டாருன்னா, இந்தக் காரு நம்ம வீட்ல இருக்காது.”

“நா இருப்பேன்ல?”

“பாப்போம்.”

பரவை வந்தது. முள் ஏறியது. ஓரங்கட்டினேன். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அவளுக்கு வேர்த்து ஊற்றியது. விறுவிறுவென்று இறங்கிப் போய்ப் பூதத்தைப் பிடுங்கினாள்.

“ஏம்மா, அது சாமி சமாச்சாரம்.”

“வேர்க்குது.”

கொம்பைப் பிடித்து விசிறிக்கொண்டாள். ஆறியதும் தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். பூதம் அவள் மடியிலேயே வந்தது. சமயநல்லூர் போனது, முள் ஏறவில்லை. வாடிப்பட்டி தெரிந்தது, முள் ஏறவில்லை. அவள் முள்ளைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

“காத்துப் போற வழிய இம்புட்டு நாளா அடச்சு வச்சிருந்திருக்கீக.”

மாமனார் வாசலில் நின்று பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்தேன். திரும்பியவருக்குக் கேட்கக் கேள்வி எதுவும் இல்லை. வேட்டியைத் தேவையில்லாமல் ஒருமுறை அவிழ்த்துக் கட்டிக்கொண்டார். அவள் ராணி மாதிரி இறங்கினாள்.

திரும்பும்போது பூதம் டிக்கியில் கிடந்தது. தட்டு வைத்துவிட்ட சந்தோஷத்தில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

“முன்னாடி ஒண்ணுமே இல்லாம மொட்டையா இருக்கே. கண்ணு படாதா?”

“அதான் நீங்க உக்காந்திருக்கீகளே.”