ரதியின் கதையை மைக்கில் சொன்ன உத்திரம்

எங்கள் குலதெய்வம் சாஸ்தா. கழுகுமலையிலிருந்து கயத்தாறு போகும் வழியில், பருத்திக்காட்டுக்கு நடுவே கோயில். நான் கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். குரல் கணீரென்று இருக்கிறதாம். பங்குனி உத்திரத்தன்று அந்த நாள் வந்த கதையை மைக்கில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முந்தாவருஷம் கார்த்திகையில் என் மனைவி இறந்தாள். தீட்டு என்று போன உத்திரத்துக்குப் போகவில்லை. இந்த வருஷம் தர்மகர்த்தா போன் செய்தார்.

"அண்ணாச்சி, வந்து சொல்லுதீங்களா? கஷ்டம்னா வேண்டாம்."

கஷ்டமாக இருக்கிறதா என்று யோசித்தேன். ஒன்றும் தெரியவில்லை. "வாரேன்" என்றேன்.

மனைவியின் தங்கச்சியும் கூட வந்தாள். பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

சாஸ்தா பிறந்த கதையை முதலில் சொன்னேன். பிறகு, தவத்திலிருந்த சிவன்மேல் மன்மதன் அம்பு விட்டதை. நெற்றிக்கண் திறந்து அவன் சாம்பலானதை. அவன் பெண்டாட்டி ரதி வந்து அழுததை.

பந்தலில் பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தவளும் கையை நிறுத்திவிட்டாள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தாகம்தான் எடுத்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

"சிவன் பார்வதி கல்யாணத்தன்னைக்கு ரதி வந்து மடியேந்தினா. சிவன் மனமிரங்கி மன்மதனை எழுப்பிக் குடுத்தார். ஆனா அவ கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான். அந்த நாள்தான் இந்தப் பங்குனி உத்திரம்."

கை தட்டினார்கள். பொங்கல் வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தோம். வெயில் கரிசல் வெடிப்புகளில் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது மனைவியின் தங்கச்சி சொன்னாள்:

"அத்தான், அடுத்த வருஷம் நீங்க சொல்ல வேண்டாம்."

"ஏன், தப்பா சொல்லிட்டேனா?"

"இல்ல. அக்கா இருக்கையில எப்படிச் சொல்லுவீங்களோ, அதே மாதிரிதான் சொன்னீங்க. ஒரு வார்த்தை மாறல. கேக்க முடியல."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பொங்கல் தூக்குவாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

வந்த பஸ்ஸில் ஒரு இடம்தான் இருந்தது. அவளை உட்காரச் சொன்னேன். கோவில்பட்டிவரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.