பிறந்த வீட்டுப் புடவை

எங்கள் குடும்பத்தில் ஒரு கொலை இருக்கிறது. கொன்றவர்கள் நாங்கள் இல்லை, செத்தவர்கள்தான் எங்கள் ஆட்கள். ஆனாலும் திருட்டுப் பட்டம் வாங்கியவர்கள் மாதிரி அதைப் பற்றி மூச்சு விடமாட்டோம். அந்தக் காலத்தில் சந்தைக்குச் சந்தை அதைப் பாட்டாகக் கட்டிப் பாடினார்களாம். ஊருக்கெல்லாம் தெரிந்த கதை எங்களுக்குத்தான் பாதி தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்பாவின் அத்தையைக் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருசன் கடுக்காய் வாங்க மலைமேலே போயிருந்த நேரத்தில், பாகப்பிரிவினைத் தகராறில், அந்தப் புருசனின் கூடப்பிறந்த அண்ணன்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளை வெட்டினார்கள். அக்காவுக்குச் சீர் எடுத்துக்கொண்டு போயிருந்த கடைசித் தம்பியும் அன்றைக்கு அங்கே இருந்தான். அவனையும் விடவில்லை. இதெல்லாம் அப்பா பிறப்பதற்கு முன்னால் நடந்தது.

போன வருசம் ஒரு யூடியூப்காரன் எங்கிருந்தோ நம்பரைப் பிடித்து அப்பாவுக்கே போன் போட்டுவிட்டான். "ஐயா, உங்க அத்தை கேஸ் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றானாம். எண்பது வயதில் அப்பாவுக்கு அப்படியொரு குரல் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "வெய்யிடா போன! செத்தவங்கள வெச்சிப் பொழைக்கிறியா நீ?" போன் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

அப்பா சாப்பிடவில்லை என்ற வருத்தம் எனக்கு இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் சமையலறைக்குள் போய் முதல் காரியமாக அவன் ஏற்கெனவே போட்டிருந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். என் குணம் அப்படி. பக்கத்து வீட்டில் பால் பொங்கினால்கூட எட்டிப் பார்த்தாக வேண்டும். வீடியோவில் பயமுறுத்தும் இசையும் புளியமரமும் ஒரு பாழுங்கிணறுமாகக் காட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு வாக்கியம் வந்தது: 'கொலை செய்தவரின் வாரிசுகள் இன்றும் அந்தப் பெண்ணைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள்.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுப் பெண்ணை அவன்கள் எதற்குக் கும்பிட வேண்டும்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

கள்ளக்குறிச்சியில் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சியில் இறங்கிக் கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் மரவள்ளியும் மக்காச்சோளமும். ஊரில் இறங்கி வீட்டை விசாரித்தால், நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. "பூவாடக்காரி வூடா? நேராப் போங்க" என்று கை காட்டினார்கள்.

பூவாடைக்காரி எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உண்டு. சுமங்கலியாகச் செத்த பெண்ணை அந்த வீட்டுக்காரர்கள் சாமியாக்கிக்கொள்வார்கள். கல்யாணம் காட்சி என்றால் முதலில் அவளுக்குப் புதுப்புடவை வைத்துப் படைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. செத்தவள் சுமங்கலிதானே. அந்தக் கணக்கில் வெட்டினவர்கள் வீட்டிலேயே சாமியாகிவிட்டாள்.

கதவைத் திறந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். வெட்டின அண்ணன்களில் ஒருவருக்குத் தூக்கு, இன்னொருவர் சாட்சி இல்லாமல் வெளியே வந்துவிட்டார் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். வெளியே வந்தவரின் பேரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் இவள். சுற்றி வளைக்க எனக்கு வராது. எங்கள் ஊரைச் சொல்லி, "செத்தாங்களே, அவங்க அண்ணன் பேத்தி நான்" என்றேன். துரத்துவாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தினி வருசமா ஏங்க வரல?" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நல்லாக் கேட்டீங்க. வெட்டிப் போட்ட வூட்டுக்கு விருந்தாடியா வருவாங்க?"

அவள் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "பூவாடக்காரிக்குப் பொறந்த வூட்டுப் பொடவ வெக்கணும்ங்க. உங்க வூட்லருந்து யாரு வருவா? நாங்களே கடையில வாங்கி, 'உங்கண்ணன் வூட்லருந்து வந்திருக்குதும்மா'ன்னு சொல்லி வெச்சிடறது. எங்க மாமியா காதோட சொல்லிக்குடுத்தாங்க. அவங்களுக்கு அவங்க மாமியா."

"சாமிகிட்டயே பொய்யா?"

"பொய்தான். பெரியவ கல்யாணத்துக்கும் அப்பிடித்தான் வெச்சேன். ஆறு மாசத்துல பொட்டியத் தூக்கிகினு திரும்பி வந்துட்டா. இப்ப சின்னதுக்கு முடிவாயிருக்குது. ஞாயித்துக்கெழம படையல். இதுவும் அப்பிடி ஆயிடுமோன்னு பயமா இருக்குதுங்க. ஒரே ஒரு வாட்டி, உங்க கையால ஒரு பொடவ வெச்சிட்டுப் போயிடுங்க. நானும் இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவதாங்க. நான் யாரையும் வெட்டல."

எங்கள் அத்தைப்பாட்டி அப்படியெல்லாம் பழிவாங்குகிறவள் இல்லை என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்கு என்ன தெரியும்? அவளைப் பற்றி இவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்கக் கேட்கச் சொன்னாள். நல்ல உயரமாம். தலைமயிர் இடுப்புக்குக் கீழே இருக்குமாம். சிரித்தால் தெருமுனைக்குக் கேட்குமாம். அன்றைக்குத் தம்பி வந்திருக்கிறான் என்று கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாளாம். அதனால் படையலில் வேறு எது இல்லாவிட்டாலும் கருவாட்டுக் குழம்பு உண்டாம். எங்கள் வீட்டில் பாதுகாக்காததை எல்லாம் இவர்கள் பயந்து பயந்து பாதுகாத்து வைத்திருந்தார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று நாள் தூக்கம் பிடிக்கவில்லை. கொன்றவன் வம்சத்துக்குப் பாவமன்னிப்புக் கொடுக்க நான் யார்? அப்பாவுக்குத் தெரிந்தால் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா? இன்னொரு பக்கம், நான் கிளம்பும்போது அந்தச் சின்னப்பெண் வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை. ஒன்று மட்டும் தீர்மானமாக இருந்தது. போனால் அவர்கள் வாங்கிய புடவையை என் கையில் வாங்கி வைக்க மாட்டேன். அது பழைய பொய்க்கு நானும் கூட்டு என்றாகிவிடும்.

சனிக்கிழமை திருக்கோவிலூர் போனேன். கடைப்பையன் எத்தனையோ புடவைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, "யாருக்குக்கா, வயசு என்ன?" என்று கேட்டான். "இருபது இருக்கும்" என்றேன். மாம்பழ நிறத்தில், அரக்கு பார்டர் போட்டது ஒன்றை எடுத்தேன். ரவிக்கைத் துணி, மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், பூ என்று ஒன்று விடாமல் பார்த்துப் பார்த்து வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை படையலில் புடவையை நான்தான் வைத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "வந்துட்டேன்" என்றேன். அந்தம்மா தேம்பித் தேம்பி அழுதாள். திரும்பி வந்த பெரிய பெண்ணும் அழுதாள். கல்யாணப்பெண் என் காலில் விழுந்தாள். நன்றாக இரு என்று மனசாரச் சொன்னேன். எனக்கே ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. டிவியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். திட்டட்டும், சாப்பிடாமல் கிடக்கட்டும் என்று துணிந்துவிட்டேன். அவர் நிறுத்திய டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொடவ இன்னா கலரு?" என்றார்.

"மாம்பழக் கலருப்பா. அரக்கு பார்டர்."

"ரவிக்கத் துணி?"

"வெச்சேன். வளையல்கூட வெச்சேன்."

தலையை ஆட்டினார். என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"எங்க சித்தப்பாவுக்கு ஒரு வேட்டி வாங்கினு போயிருக்கலாம் இல்ல? கல்யாணங்கூட ஆவாத பையன். அவனுக்குப் படைக்க எந்த வூடும் இல்லியே."

குங்குமம்வரை பார்த்துப் பார்த்து வாங்கிய எனக்கு, குழம்பு கொதிக்கும் வரை காத்திருந்த அந்தத் தம்பியின் நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லை.